மாமன்றம் கலையும் நாளில் எதை எண்ணிப் பார்ப்பது?

பதவிக்காலத்தின் கடைசி ஆண்டில் நகர மன்றங்கள் ஒரு சாதனை மலரை வெளியிடும். இத்தனை கிலோமீட்டர் சாலை, இத்தனை பூங்கா, இத்தனை புதிய விளக்குகள் என்று பக்கத்துக்குப் பக்கம் எண்கள் வரிசைகட்டி நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை உண்மையாகவே இருக்கும். பொய்க்கணக்கு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. புதிதாகப் போட்ட சாலையின் நீளம் மலரில் இருக்கும். முந்தைய மன்றம் போட்ட சாலை இன்னும் சாலையாக இருக்கிறதா என்பது இருக்காது. வாங்கிய குப்பை வண்டிகளின் எண்ணிக்கை இருக்கும். அவற்றில் எத்தனை பழுதாகிப் பணிமனையில் நிற்கின்றன என்பது இருக்காது.

எதைத் திறந்து வைத்தார்கள் என்பதைவிட, எதைக் காப்பாற்றினார்கள், அடுத்து வருபவர்களிடம் நகரத்தை எந்த நிலையில் ஒப்படைத்தார்கள் என்பதைக்கொண்டே ஒரு மன்றத்தை எடைபோட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மன்றத்தின் ஆயுள் நான்கு, ஐந்து ஆண்டுகள். நிலத்துக்கடியில் பதிக்கும் குழாயின் ஆயுள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல். இந்த இரண்டு ஆயுள்களும் பொருந்தாமல் இருப்பதில்தான் நகர அரசியலின் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

ஒரு பாதாள சாக்கடைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் நில அளவை, பிறகு மதிப்பீடு, மன்றத்தில் தீர்மானம், நிதிக்கு மேலிடத்தின் ஒப்புதல், டெண்டர், நீரேற்று நிலையத்துக்கு இடம் தேடுதல், இடத்தின் மீது வழக்கு வந்தால் அது முடியும்வரை காத்திருத்தல், கடைசியில் பணி ஆணை. முதல் குழாய் மண்ணுக்குள் இறங்குவதற்குள் பதவிக்காலத்தில் பாதிக்கு மேல் கழிந்துவிடும். இதற்கிடையே புதிய மன்றம் தன் முதல் ஆண்டில் செலவு செய்வது பெரும்பாலும் பழைய மன்றம் நிறைவேற்றிவிட்டுப் போன பட்ஜெட்டை. கடைசி ஆண்டில் தேர்தல் நெருங்கிவிடுகிறது. ஆக, மேயர் ரிப்பன் வெட்டும் திட்டத்துக்கு வித்திட்டவர் அநேகமாக வேறொருவர். இவர் வித்திட்டதற்கு ரிப்பன் வெட்டப் போகிறவரும் வேறொருவர்தான்.

கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவின் கதையில் இது தெளிவாகத் தெரிகிறது. அந்த நகரத்தைப் பற்றிப் பேசுவோர் இரண்டு மேயர்களின் பெயரைச் சொல்வார்கள்: அந்தானஸ் மொக்கஸ், என்ரிக்கே பெனலோசா. குடிமக்களின் பொதுவெளிப் பழக்கத்தை மாற்றியவர் முன்னவர். டிரான்ஸ்மிலேனியோ என்ற விரைவு பஸ் வழித்தடத்தைக் கொண்டுவந்தவர் பின்னவர். ஆனால் இருவருக்கும் முன்னால் 1992 முதல் 1994 வரை மேயராக இருந்த ஹைமே காஸ்ட்ரோவை யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை. அவர் வந்தபோது நகரத்தின் கஜானா நொடித்துக் கிடந்தது. 1993இல் பொகோட்டாவுக்கென்று தனி நிர்வாகச் சட்டம் வந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. மேயரின் அதிகாரம் எது, மன்றத்தின் அதிகாரம் எது என்று அது பிரித்து வகுத்தது. சொத்துக்காரர்கள் தங்கள் சொத்தின் மதிப்பைத் தாங்களே கணக்கிட்டு அறிவித்து வரி கட்டும் முறையும் அவர் காலத்தில் அமைந்தது. வரி ஏற்றியவரை எந்த ஊர்தான் கொண்டாடியிருக்கிறது? மக்களிடம் செல்வாக்கு இல்லாமலே அவர் பதவி இறங்கினார். அடுத்து வந்தவர்களுக்குச் செலவு செய்யக் கையில் காசு இருந்தது.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். டிரான்ஸ்மிலேனியோ 2000 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. பெனலோசாவின் பதவிக்காலம் முடிய அப்போது சில நாட்களே மீதமிருந்தன. அடுத்த மாதம் மறுபடி மேயராக வந்த மொக்கஸ், அது போட்டியாளர் தொடங்கிய திட்டமாயிற்றே என்று கிடப்பில் போடவில்லை; நீட்டித்துக் கட்டினார். அவரது அந்தப் பதவிக்காலத்தில், வரியோடு 10 சதவீதத்தை விருப்பமிருந்தால் கூடுதலாகக் கட்டுங்கள் என்று கேட்டபோது 63,000 குடும்பங்கள் கட்டின. மூன்று மேயர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்று கட்டிய நகரம் அது. அடியில் நின்றவரின் முகம்தான் யாருக்கும் தெரியவில்லை.

பராமரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சாதனை மலர்களில் அதிகம் விடுபட்டுப்போவது அதுதான்.

தென் பிரேசிலில் குவைபா நீர்ப்பரப்பின் கரையில் இருக்கிறது போர்ட்டோ அலெக்ரே. 1941இல் அங்கே பெருவெள்ளம் வந்து நீர்மட்டம் 4.76 மீட்டருக்கு ஏறியது. அந்தப் பாடத்தை மறக்காமல் 1970களில் நகரத்தைச் சுற்றி வெள்ளத்தடுப்பு அமைப்பைக் கட்டினார்கள். 60 கிலோமீட்டருக்கு மேல் கரைகள், நகர மையத்தில் ஒரு கான்கிரீட் சுவர், சாலைகள் கரையைக் கடக்கும் இடங்களில் எஃகு மதகுகள், உள்ளே தேங்கும் நீரை வெளியே இறைத்துத் தள்ள நீரேற்று நிலையங்கள். அதன்பிறகு பல பத்தாண்டுகள் பெரிய சோதனை எதுவும் வரவில்லை. துறைமுகப் பக்கம் நீர் தெரியாமல் மறைக்கிறது, இந்தச் சுவரை இடித்துவிடலாமே என்ற பேச்சுகூட அவ்வப்போது எழுந்தது.

இதே நகரத்துக்கு இன்னொரு புகழ் உண்டு. 1989இல் அங்கே நகர நிர்வாகம் பட்ஜெட்டின் ஒரு பகுதியை மக்கள் கூட்டங்களின் கையில் கொடுத்தது. பகுதிவாரியாகக் கூடி, எங்கள் தெருவுக்கு முதலில் சாக்கடையா சாலையா என்று மக்களே வரிசை போட்டார்கள். 1988இல் 75 சதவீத வீடுகளுக்கு இருந்த குடிநீர், கழிவுநீர் இணைப்பு 1997இல் 98 சதவீதத்தை எட்டியது. உலகமெங்கும் நூற்றுக்கணக்கான நகரங்கள் அந்த முறையைப் பார்த்துப் பின்பற்றின. மக்களிடம் கேட்டபோது அவர்கள் அலங்கார வளைவைக் கேட்கவில்லை, கழிவுநீர்க் குழாயைக் கேட்டார்கள் என்பது என்னை இன்றும் நெகிழ வைக்கும் செய்தி.

2024 மே மாதத் தொடக்கத்தில் குவைபா 1941ஆம் ஆண்டு அளவைத் தாண்டியது. 5 மீட்டரையும் தாண்டியது. அப்படிப்பட்ட உயரத்தையும் தாங்கும் என்று கணக்கிட்டுக் கட்டிய அமைப்பு அது. நீர் கரைக்கு மேல் ஏறி வழிந்திருந்தால் இயற்கையின் சீற்றம் என்று சொல்லி ஆறுதலடையலாம். ஆனால் அது வந்த வழி வேறு. மதகுகளின் விளிம்பில் நீர் கசியாமல் அடைக்க வேண்டிய பகுதிகள் பழுதாகிக் கிடந்ததால் இடுக்கு வழியே பீறிட்டது. மணல்மூட்டைகளை அடுக்கிப் பார்த்தார்கள். அழுத்தம் தாங்காமல் ஒரு மதகு பிய்த்துக்கொண்டது. நீரேற்று நிலையங்களுக்குள் வெள்ளம் புகுந்து, மின்சாரம் நின்று, பம்புகள் ஓய்ந்தன. நகரத்துக்குள் இருந்து நீரை வெளியேற்ற வேண்டிய பாதைகளே நீரை உள்ளே கொண்டுவரும் வாய்க்கால்களாகிவிட்டன. விமான நிலையம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது.

ஒரே ஒரு மேயரையோ ஒரே மன்றத்தையோ இதற்குக் கூண்டில் ஏற்ற முடியாது. மழைநீர் வடிகாலுக்கென்றே இருந்த தனித் துறை முன்பே கலைக்கப்பட்டு வேறு துறையோடு சேர்க்கப்பட்டிருந்தது. அலட்சியம் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. மதகுக்கு எண்ணெய் போடவில்லை, அடைப்பை மாற்றவில்லை, மோட்டாரை ஓட்டிப் பார்க்கவில்லை என்று எந்த மன்றமாவது தன் அறிக்கையில் எழுதுமா? செய்திருந்தாலும் அது யார் கண்ணிலும் படாது. அதே ஆண்டு அக்டோபரில் நடந்த தேர்தலில், வெள்ளத்தின்போது பதவியில் இருந்த மேயரே மீண்டும் வென்றார். வாக்காளர்களை நான் குறை சொல்லவில்லை. வாக்குப்பெட்டி என்ற கருவிக்குப் பராமரிப்பை அளக்கும் திறன் குறைவு என்பதை மட்டும் சொல்கிறேன். அதனால்தான் அந்தக் கணக்கைக் கேட்பதற்கு வேறு வழிகள் தேவைப்படுகின்றன: தணிக்கை அறிக்கை, மன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுப்பும் கேள்வி, உள்ளூர் நிருபர் ஒருவரின் பிடிவாதம்.

வளர்ந்த மரத்தை வெட்டி விற்றால் வருகிற காசும் வருமானமாகத்தான் தெரியும். ஒரு மன்றம் எதிர்காலத்திலிருந்து எவ்வளவு எடுத்துச் செலவு செய்தது என்பதைப் பார்க்காமல், அதன் காலத்தில் வரி ஏறவில்லை, பற்றாக்குறை இல்லை என்று பாராட்டிவிடக் கூடாது.

சிகாகோவில் 2008 டிசம்பர் 2ஆம் தேதி மேயர் ரிச்சர்ட் எம். டேலி ஓர் ஒப்பந்தத்தை அறிவித்தார். தெருவோர வாகன நிறுத்தத்துக்கான 36,000 கட்டண மீட்டர்களையும் தனியாருக்கு 75 ஆண்டுக் குத்தகைக்கு விடுவது, அதற்கு மொத்தமாக ஏறத்தாழ 115 கோடி டாலர் பெற்றுக்கொள்வது. 4ஆம் தேதி மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 40, எதிர்ப்பு 5. முக்கால் நூற்றாண்டைக் கட்டிப்போடும் ஆவணத்தைப் படித்து முடிக்க உறுப்பினர்களுக்கு இரண்டு நாள். நகரத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் மறு ஆண்டே கணக்குப் போட்டு, அந்த மீட்டர்களின் உண்மை மதிப்புக்கு 97 கோடி டாலருக்கும் மேல் குறைவாக நகரம் வாங்கிவிட்டது என்றது. வந்த பணத்தில் பெரும்பகுதி அடுத்த சில பட்ஜெட்டுகளில் விழுந்த ஓட்டைகளை அடைக்கவே கரைந்துபோனது. முதலீட்டாளர்கள் போட்ட தொகையை எப்போதோ எடுத்துவிட்டார்கள். குத்தகை முடிய இன்னும் ஏறக்குறைய 60 ஆண்டுகள் இருக்கின்றன. திருவிழாவுக்கோ பராமரிப்புக்கோ தெருவை மூடினால், மீட்டரில் விழாத காசுக்கு நகரமே இழப்பீடு தர வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே போட்டதையும் அளக்கவில்லை, எடுத்ததையும் அளக்கவில்லை. அன்று பிறந்திராத குழந்தைகளின் தெருவை அந்த 40 கைகள் எழுதிக்கொடுத்துவிட்டன.

எதிர்த்து வாக்களித்த ஐந்து பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கவுன்சிலர் ஒருவரின் பதவிக்காலப் பணி என்று நாம் வழக்கமாக எண்ணுவது வார்டுக்கு வந்த சாலையும் விளக்கும்தான். மன்றத்தில் படித்துப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று சொன்னதும் அந்தக் கணக்கில் சேர வேண்டிய பணிதான். தோற்றுப்போன எதிர்ப்பு எந்த மலரிலும் இடம்பெறுவதில்லை. மன்றக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளில்தான் தேட வேண்டும்.

இன்னொரு வகைக் கடன் கண்ணுக்கே தெரியாது. உழைத்தவருக்குக் கொடுக்காமல் விட்ட கூலி அது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றம் பல காலம் குப்பை அள்ளுதல், தெருப் பெருக்குதல் போன்ற, பெரும்பாலும் ஆண்கள் செய்த வேலைகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. அதே ஊதிய நிலையில் இருந்த, கட்டடங்களுக்குள் சுத்தம் செய்வோர், முதியோரைக் கவனிப்போர், சமையல் உதவியாளர்கள் ஆகியோருக்குக் கொடுக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2012இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன்பின் மன்றம் கொடுத்த தொகை ஏறக்குறைய 110 கோடி பவுண்டு. அதற்குப் பிறகும் 65 முதல் 76 கோடி பவுண்டு வரை பாக்கி இருக்கலாம் என்று 2023இல் மன்றமே மதிப்பிட்டது. இதற்கு நடுவே கணக்கு, சம்பள நிர்வாகத்துக்கென 2 கோடி பவுண்டுக்குள் முடிய வேண்டிய மென்பொருள் திட்டம் 10 கோடியை நெருங்கியது. 2023 செப்டம்பர் 5ஆம் தேதி, சட்டப்படி செய்தே தீர வேண்டிய பணிகளைத் தவிர வேறெதற்கும் புதிதாகச் செலவு செய்ய முடியாது என்று நகரம் முறைப்படி அறிவித்தது. மறு ஆண்டு அங்கே வரி ஏறத்தாழ 10 சதவீதம் ஏறியது. கலைக்கும் நூலகத்துக்கும் கொடுத்துவந்த பணம் வெட்டப்பட்டது. நிலுவையை வைத்துவிட்டுப் போனவர்களின் காலத்துக் கணக்கேடுகளில் பற்று வரவு சரியாகவே இருந்திருக்கும்.

முன்னுரிமை என்ற சொல்லைப் பதவியேற்பு நாளில் எல்லா மன்றங்களும் பயன்படுத்துகின்றன. குடிநீரே எங்கள் முதல் வேலை, குப்பையில்லா நகரமே எங்கள் குறிக்கோள் என்று சொல்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. உண்மையான வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பட்ஜெட் உரையை மூடி வைத்துவிட்டு, பட்ஜெட் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அதிலும் ஒதுக்கீட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒவ்வொரு தலைப்புக்கும் முதலில் சொன்ன தொகை, ஆண்டு நடுவில் திருத்திய தொகை, கடைசியில் உண்மையாகச் செலவான தொகை என மூன்று பத்திகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கழிப்பறைப் பராமரிப்புக்கு நூறு என்று அறிவித்து, அறுபதாகத் திருத்தி, முப்பத்தைந்து செலவு செய்திருந்தால், அந்த மன்றத்துக்குக் கழிப்பறை எத்தனையாவது முன்னுரிமை என்பதை அந்த முப்பத்தைந்து சொல்லிவிடும். சம்பளமும் ஓய்வூதியமும் கடன் தவணையும் போக மிஞ்சுவது பல நகரங்களில் சிறு பகுதிதான். அந்தச் சிறு பகுதி எங்கே போகிறது என்பதில்தான் மன்றத்தின் விருப்பம் வெளிப்படுகிறது.

குற்றம் சுமத்துவதற்கு முன் அதிகார எல்லையையும் பார்க்க வேண்டும். மின்சாரம், காவல், பெரிய மருத்துவமனை, சில இடங்களில் குடிநீரும்கூட மன்றத்தின் கையில் இருப்பதில்லை. மேல்மட்ட அரசு கட்டிய மேம்பாலத்தைத் தன் சாதனையாகக் காட்டும் மன்றமும், தன் சாக்கடையின் பழியை மேல்மட்ட அரசின் மீது போடும் மன்றமும் ஒரே தவறைத்தான் செய்கின்றன.

எதைச் செய்தார்கள் என்பதைப் போலவே எதைத் தள்ளிப்போட்டார்கள் என்பதையும் முன்னுரிமைக் கணக்கில் எழுத வேண்டும். இதை ஒரு நகரம் உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் தன்னைத்தானே ஆண்ட செல்வத் துறைமுகம். எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டுக்கொண்டிருந்தது. மணல் வடிகட்டி அமைப்பதா, யார் செலவில் அமைப்பது என்று அதன் அவைகளில் பல ஆண்டுகள் பேச்சு நடந்தது. வாக்குரிமை சிறு பகுதியினருக்கே இருந்தது. வீட்டு உடைமையாளர்களுக்கு அவையில் தனி இடங்களே இருந்தன. செலவு என்றதும் அவர்கள் தயங்கினார்கள். ஒருவழியாக 1890இல் ஒப்புதல் கிடைத்து வேலை தொடங்கியது. முடிவதற்குள், 1892 ஆகஸ்டில், காலரா வந்துவிட்டது. சில வாரங்களில் இறந்தவர்கள் 8,600 பேர்.

பக்கத்திலேயே ஒட்டியிருந்த அல்டோனா அதே ஆற்று நீரைத்தான் குடித்தது. அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு, இன்னும் கீழே போய் எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் குடித்தது. அங்கே இறப்பு மிகக் குறைவு. இரண்டு நகரங்களின் எல்லையில், ஹாம்பர்க் மண்ணில் ஒரு குடியிருப்பு வளாகம் இருந்தது. நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைகளின் இடம். குழாய் இணைப்பு வசதிக்காக அதற்கு மட்டும் அல்டோனா நீர் வந்தது. சுற்றிலும் வீட்டுக்கு வீடு பிணம் விழுந்தபோது அந்த வளாகத்தில் ஒருவருக்கும் காலரா வரவில்லை என்று ஜெர்மன் நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோக் பதிவு செய்தார். ஒரே மண், ஒரே காற்று, ஒரே வறுமை. எந்த மன்றத்தின் குழாய் என்பது மட்டுமே வேறு. தள்ளிப்போட்ட வடிகட்டியை அதன்பின் அவசர அவசரமாக 1893இல் முடித்தார்கள்.

அதே 1892இல், ஹாம்பர்க்கில் நோய் பரவுவதற்குச் சில வாரங்களுக்கு முன், பர்மிங்காம் நகர மன்றம் வேல்ஸ் மலைகளிலிருந்து நீர் கொண்டுவருவதற்கான சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றி வாங்கியிருந்தது. எலான் பள்ளத்தாக்கில் அணைகள், அங்கிருந்து 118 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாயும் குழாயும், வழி நெடுக பம்பு எதுவும் இல்லாமல் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் தானாக ஓடிவரும்படி 52 மீட்டர் சரிவு. பள்ளத்தாக்கில் வாழ்ந்த சுமார் 100 பேர் வீடிழந்தார்கள். நில உடைமையாளர்களுக்கு மட்டுமே இழப்பீடு கிடைத்தது. அந்த அநீதியும் இந்தச் சாதனையின் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். 1904 ஜூலையில் மன்னர் ஏழாம் எட்வர்ட் வந்து திறந்து வைத்தார். சட்டம் நிறைவேறி 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் மன்றம் பலமுறை புதிதாகக் கூடியிருந்தது. அந்த நீர் வேல்ஸிலிருந்து நடந்துவருவதைப் போன்ற மெதுவான வேகத்தில் ஒன்றரை நாளுக்கு மேல் பயணம் செய்து நகரத்தை அடைகிறது. 2023 செப்டம்பரில் நகரம் தன் கையில் பணமில்லை என்று அறிவித்த அன்று காலையும் பர்மிங்காமின் வீடுகளில் குழாயைத் திறந்தவர்களுக்கு அது வந்துகொண்டுதான் இருந்தது.